மெதுவாக மிதிக்கவும்

மனித குலம் இரும்பிடமிருந்து விடுதலை பெற்ற இடம் பனமரத்துப்பட்டி ரோட்டில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட அந்தக் கம்பெனியில், காரின் கதவுப் பிடி, விசிறி, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் வார்த்தாகிவிட்டது. பாக்கி இருந்தது பிரேக் பெடல். அதையும் வார்த்தார்கள். இரும்பில் பாதி எடைகூட இல்லை. தரப்பிரிவு அறிவுச்செல்வி கையெழுத்துப் போட்டால் சரித்திரம் தொடங்கிவிடும்.

அவள் பெடலைக் காரில் மாட்டி ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். டப். இரண்டு துண்டு.

உடனே ‘உயர்மட்ட’க் கூட்டம் கூடியது.

“பெடல்ல கொறையில்லீங்க,” என்றார் டிசைன் மேலாளர் தீனதயாளன். “மிதிச்சதுதான் ஓவருங்க.”

“ஏனுங்க, லாரி குறுக்க வந்தா தடவியா குடுப்பாங்க?” என்றாள் அறிவுச்செல்வி.

இது ‘எதிர்மறைச் சிந்தனை’ என்று பதிவானது. பஜ்ஜி வந்தது. பஜ்ஜிக்குப் பின் ‘நிரந்தரத் தீர்வு’ம் வந்தது: பெடலுக்கு மேலே ஒரு ஸ்டிக்கர். ‘மெதுவாக மிதிக்கவும்.’

முதலாளி ஜெகதீஸ்வரன் கண் கலங்கினார். “கையெழுத்தப் போடு சாமி. நாடே காத்துக் கெடக்குது.”

“போடறேனுங்க. ஒருக்கா நீங்கெல்லாம் இந்தப் பெடலோட ஏற்காடு ஏறி எறங்கிட்டு வந்துருங்க.”

மறுநாள் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில், ஸ்டிக்கர் ஒட்டிய கார் நின்றது. மாலை, பூசணிக்காய், டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம். நிறுவனத்தின் மொத்தத் தரக்கட்டுப்பாடும் அவ்வளவுதான். சூடம் அணைந்ததும் அறிவுச்செல்வி சாவியை நீட்டினாள்.

“பெரியவங்க, நீங்க ஏறுங்க,” என்றார் தீனதயாளன்.

“செஞ்சவரு நீங்க. நீங்கதான் மொதல்ல,” என்றார் முதலாளி.

“உங்களுக்கு முந்தி நான் ஏறுனா மரியாதையா இருக்குமுங்களா?”

“அட, சும்மா ஏறுங்க. நமக்குள்ள என்ன கூச்சம்?”

கோயில் பண்டிகையில் முதல் விபூதி யாருக்கு என்று கோர்ட் வரை போன குடும்பங்கள் இவை. அன்று அரை மணி நேரம் மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் நெகிழ்ந்துபோனார். பிறகு தீனதயாளனுக்கு மூட்டுவலி வந்தது. முதலாளிக்கு அன்று சஷ்டி என்பது நினைவு வந்தது. விரத நாளில் அவர் மலை ஏறுவதில்லையாம்.

அறிவுச்செல்வி பேனாவை மூடிக் கைப்பையில் போட்டாள். “அப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க.”

முதலாளிக்குக் கோபமே வரவில்லை. பெருந்தன்மையான மனிதர்.

“வேண்டாம், உடு சாமி. காரை வாங்கறவரு டெலிவரி எடுக்கையில ஒரு கையெழுத்துப் போடுவாருல்ல? அது போதும்.”