பீரோ பணத்தில் ஒரு பேஸ் கிட்டார்

பொய் சொன்னதற்காக நான் வெட்கப்படவில்லை. பொய் சொல்ல ஆள் வைத்தேன் பாருங்கள், அதற்குத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். சொந்தமாகப் பொய் சொல்கிறவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். வாடகைக்கு எடுத்தவனுக்குத் தெரியாது. (வாடகைகூட இல்லை, வெறும் கால் கிலோ அல்வாதான்.)

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்து நாலு வயது. பி.காம். முடித்துவிட்டு, திருநெல்வேலி டவுணில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். பேஸ் கிட்டார் என்றால் நாலே நாலு தடித்த கம்பி, பாட்டுக்கு அடியில் டும் டும் என்று ஒரு சத்தம். அதுதான் பாட்டின் அஸ்திவாரம் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன். கோயில் கொடைத் திருவிழாக்களில் முன்வரிசையில் இருப்பவர்கள் மட்டும், "ரெண்டு கம்பி அறுந்து போச்சா தம்பி?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். அப்புறம் கீபோர்டு வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் அதுவே டும் டும் என்றது. சம்பளம் கேட்கவில்லை, கச்சேரி முடிந்து பரோட்டாவும் கேட்கவில்லை. குழுத் தலைவர் ஒருநாள் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். நம் மேல் இவருக்கு எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். கிளாஸைக் கீழே வைத்தபோது எனக்கு வேலை இல்லை.

என் பேஸை விற்றுவிடலாம் என்று பார்த்தால், அதை வாங்க ஊரில் நாதியில்லை. அப்போதுதான் பேப்பரில் ஒரு சின்ன விளம்பரம் கண்ணில் பட்டது. பெங்களூரில் ஒருவர் பழைய பேஸ் கிட்டார்களை மட்டும் தேடித் தேடி வாங்குகிறாராம். எழுதிப் போட்டேன். பார்சல் சர்வீசில் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். நான் கேட்டதற்கு மேலேயே போட்டு டிராஃப்ட் வந்தது.

வாழ்க்கையில் ஒரே ஒரு கிட்டார் விற்றவன் அடுத்து என்ன செய்வான்? விசிட்டிங் கார்டு அடிப்பான். 'பழைய மேல்நாட்டு இசைக்கருவிகள் வாங்க, விற்க, ஆலோசனை பெற' என்று தங்க நிற எழுத்தில் ஐநூறு கார்டு. (ஆலோசனை வேறு!)

அந்தத் தை மாதம் என் தங்கை வள்ளிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம். எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், ஊரில் நாலு பேர் பார்க்கிற மாதிரி ஒரு பீரோ மட்டும் போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டவர்கள். (கட்டில், மெத்தை, கிரைண்டர் எல்லாம் அந்த 'ஒன்றும் வேண்டாம்' என்பதற்குள்ளேயே வரும்.) தபால் ஆபீஸ் கிளார்க்கான என் அப்பா, கண்ணாடி வைத்த இரட்டைக் கதவு ஸ்டீல் பீரோ ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கச் சொல்லி, பணத்தை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். பீரோ இல்லாமல் வள்ளி அந்த வீட்டுப் படி ஏறினால் ஆயுசுக்கும் அவள் காதுபடப் பேசுவார்கள் என்று அம்மா கூடவே சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

அதே வாரம் பாளையங்கோட்டையில் தானியேல் வாத்தியார் வீட்டில் அந்த பேஸைப் பார்த்துவிட்டேன். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தபோது அமெரிக்காவில் வாங்கி வந்தது. "ரெண்டே நாளு வாசிச்சான் தம்பி. தனியா வாசிச்சா பாட்டே வரமாட்டேங்குன்னு பெட்டியில வச்சிப் பூட்டினவன்தான்," என்றார் வாத்தியார். அண்ணன் இப்போது கனடாவில் இருக்கிறார், விற்றுவிடச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார். பெட்டியைத் திறந்தால் முப்பது வருடப் பழைய கருவி நேற்றுக் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. முத்திரை குத்திய பில், எப்படித் துடைக்க வேண்டும் என்று சொல்லும் சின்னப் புத்தகம், பிரிக்காத கம்பிப் பாக்கெட் எல்லாம் உள்ளேயே இருந்தன. பீரோ பணம் அப்படியே வாத்தியார் கைக்கு மாறியது. பத்து நாளில் விற்று, பீரோவும் வாங்கி, மிச்சத்தில் வள்ளிக்கு ஒரு மோதிரமும் போடுவதாக என் திட்டம்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். ஒருத்தருமே வாசிக்காத கருவியை எவன் வாங்குவான் என்று யோசித்தேன். எங்கள் டவுணில் அல்வாவுக்கே தாமிரபரணித் தண்ணீர், மூன்று தலைமுறைக் கைப்பக்குவம் என்று ஒரு வரலாறு சொன்னால்தான் பொட்டலம் கட்ட முடியும். பழைய பேஸ் என்றால் அதை ஒரு மாமேதை வாசித்திருக்க வேண்டாமா? கண்ணீர், கைதட்டல், மழை எல்லாம் அது பார்த்திருக்க வேண்டாமா? பில்லும் புத்தகமும் இருந்தால் இந்தக் கதை நிற்காது. இரண்டையும் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டேன். "என்னத்தலே எரிக்க?" என்று அம்மா கேட்டாள். பழைய பேப்பர் என்றேன். அன்றைக்கு வெந்நீர் சீக்கிரமே கொதித்தது.

மாமேதைக்கு எங்கே போக? அம்மாவின் தம்பி சுடலைமுத்து மாமா இருந்தார். டவுண் உரக்கடை ஒன்றில் முப்பது வருடமாக விற்பனைக்கு நிற்கிறவர். வள்ளி கல்யாணம் நல்லபடி முடிந்தால் திருச்செந்தூரில் முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டு, தோள் வரை முடி வளர்த்திருந்தார். அந்த முடி ஒன்றுதான் அவருடைய கலைத்தகுதி. பீரோ விஷயத்தைச் சொல்லி, கால் கிலோ அல்வாவையும் கையில் வைத்துக் காலைப் பிடித்ததும், வள்ளிக்காக என்று சம்மதித்துவிட்டார். நான் எழுதிக் கொடுத்தது மிகச் சின்ன வசனம். முப்பது வருடம் வாசித்தேன், இப்போது விரலில் வாதம், அதனால் கொடுக்கிறேன். கடைசியில் லேசாகக் கண் கலங்க வேண்டும். லேசாக என்பதை அடிக்கோடிட்டிருந்தேன்.

நான் எழுதிப் போட்டதைப் பார்த்து, என் பழைய பேஸை வாங்கிய பெங்களூர்க்காரர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். அமைதியான, ஒல்லியான மனிதர். பையில் ஒரு டார்ச் லைட், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு. மாமா பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு, ரத வீதிக்குப் பின்னால் இருந்த தன் வீட்டில் தயாராக இருந்தார். (ஜிப்பா பக்கத்து வீட்டு மாப்பிள்ளையுடையது.) வந்தவர் பேஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முப்பது வருடக் கச்சேரியில் ஒரு கீறல்கூட விழவில்லையே என்றார். பிள்ளை மாதிரி வைத்திருந்தேன் என்றார் மாமா. "அப்படின்னா பெயிண்ட் புதுசா அடிச்சிருக்காங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நோட்டில் எழுதியிருந்த விலையை அடித்துவிட்டுக் கீழே வேறு எழுதினார். (பழைய கருவியைத் தேடி வாங்குகிறவர்களுக்கு எல்லாம் முதலில் இருந்தபடியே இருந்தால்தான் விலை.)

அடுத்து பேஸின் கழுத்துப் பக்கம் டார்ச் அடித்தார். விரல் வைக்கும் பட்டையில் குறுக்கே உலோகக் கம்பிகள் பதித்திருக்கும், ஃப்ரெட் என்பார்கள். முப்பது வருடம் வாசித்தால் அதில் பள்ளம் விழாமல் இருக்காது. இதில் இல்லை. மாமாவிடம் கேட்டார்.

"நான் பையத்தான் தொடுவேன் சார்," என்றார் மாமா.

ஃப்ரெட்டும் மாற்றியது என்று எழுதிக்கொண்டு, விலையை இன்னொரு முறை அடித்தார். இல்லை சார், எல்லாமே முதலில் இருந்தபடியேதான் இருக்கிறது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் மாமாவின் முப்பது வருடம் என்னாவது? அவர் கடைசியாகச் சொன்ன விலை பீரோவுக்குப் போதும், மோதிரத்துக்குப் போதாது. சரி, தொலையட்டும் மோதிரம் என்று நினைத்தேன்.

அவர் பணத்தை எடுப்பதற்கு முன்னால், உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்களேன், எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று மாமாவிடம் மரியாதையாகக் கேட்டார். அங்கேதான் என் வசனம் முடிந்து மாமாவின் வசனம் தொடங்கியது. மணிமுத்தாறு அணைக்கட்டுக் காலனியில் கொட்டுகிற மழையில் வாசித்தாராம். கரண்ட் போன பிறகும் நிறுத்தவில்லையாம், கூட்டம் அசையவில்லையாம். (கரண்ட் போனால் பேஸ் கிட்டாரில் கொசு பறக்கிற சத்தம்தான் வரும்.) கூடப் பாடிய ஸ்டெல்லா என்ற பெண் மேடையிலேயே மயங்கி விழுந்து, இவர் கையைப் பிடித்துக்கொண்டே உயிரை விட்டாளாம். ஸ்டெல்லா என் வசனத்தில் இல்லை. காப்பியோடு வந்த அத்தை வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். தென்காசியைத் தாண்டி ஒரு ராத்திரி தங்கியிராத மனிதரைப் பற்றி அன்றைக்குத்தான் அவள் நிறையத் தெரிந்துகொண்டாள்.

மாமாவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அடிக்கோடிட்ட 'லேசாக' எங்கோ போய்விட்டது. பேஸை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு (தலைகீழாக) இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"என்னால முடியாது மருமவனே. இத நான் குடுக்க மாட்டேன்."

நடிக்கிறார், விலையை ஏற்றப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். காலால் அவர் காலை மிதித்தேன், கண்ணைக் காட்டினேன், இருமினேன். மனிதர் அசையவில்லை. பெங்களூர்க்காரர் எழுந்து மாமாவின் கால்களைத் தொட்டுக் கும்பிட்டார். இவரிடமிருந்து இதை வாங்கிப்போனால் நான் மனுஷனே இல்லை என்று சொல்லிவிட்டு, நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினேன். மூச்சு வாங்க உண்மை முழுவதையும் கொட்டினேன். சார், அவர் உரக்கடைக்காரர், அந்த பேஸை யாருமே வாசித்ததில்லை, கப்பலில் வந்தது, பெட்டியிலேயே கிடந்தது. அவர் நிதானமாகக் கேட்டார். அப்படி வாசிக்காத ஒன்று பில்லோடு கிடைத்தால் இதைப்போல மூன்று மடங்கு தருவேனே, பில் எங்கே என்றார். வெந்நீர் அடுப்பில் போட்டதைச் சொன்னேன். தானியேல் வாத்தியாரைக் கூட்டி வருகிறேன், அவர் பைபிள் மேல் கை வைத்தே சொல்வார் என்று கெஞ்சினேன்.

"இன்னொரு பெரியவரா? வேண்டாம் தம்பி. நாலு காசுக்காக அந்த மனுஷனோட வாழ்க்கையையே இல்லைன்னு சொல்றீங்களே, வெக்கமா இல்ல?"

ஆட்டோ போய்விட்டது. வாழ்நாளில் அதுவரை நான் சொன்ன ஒரே முழு உண்மை, ஒருவரும் வாங்காமல் நடுத்தெருவில் கிடந்தது.

திரும்பி வந்து மாமாவைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். வள்ளியின் மானம் போகப்போகிறது, உமக்கு ஸ்டெல்லா கேட்கிறதா என்றேன். அவர் பேஸை விடாமலே பேசினார். "முப்பது வருசமா அந்தக் கடையில நிக்கேன்லே. எல்லாவனும் யூரியா என்ன வெலன்னுதான் கேப்பான். இவரு ஒருத்தருதான் உம்ம கதையச் சொல்லும்னாரு. சொல்லச் சொல்ல எல்லாம் நெசமாவே நடந்த மாதிரி இருந்துச்சு." எனக்குக் கோபத்தோடு அழுகையும் வந்தது. அவரிடம் ஒருநாளும் அப்படிக் கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

பீரோவுக்கு வழி சொன்னது அத்தைதான். அவள் உள்ளே போய், தன் கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த பீரோவிலிருந்து சேலைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"வள்ளிக்காகக் குடுக்கேன், உங்க ரெண்டு பேருக்காக இல்ல. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் உரக்கடையில வந்து நில்லு. மொதலாளிட்ட நான் சொல்லுதேன். எனக்குப் புது பீரோ வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் எங்கன வேணாலும் போ."

இரண்டு ஆண்கள் ஆடிய கூத்துக்கு அவள் பீரோ போனது. இன்று நினைத்தாலும் கூசுகிறது. தள்ளுவண்டியில் அந்த பீரோ வந்து இறங்கியபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. என் விசிட்டிங் கார்டுகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு ரேஷன் கடைக்குப் போ, தண்ணீர் எடு என்று எனக்கு எழுதி வைக்கும் சீட்டெல்லாம் அந்தத் தங்க எழுத்துகளின் பின்பக்கத்தில்தான் வந்தன.

கல்யாணத்தன்று காலை, வள்ளியின் மாமனார் பீரோவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். என்ன, பழசு மாதிரித் தெரியுதே என்றார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாயங்காலம் வரவேற்பில் என் பழைய குழுவின் கச்சேரி. கீபோர்டு எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தபோது மேடையில் ஏறி நின்றார் மாமா. பட்டு ஜிப்பா, தோள் வரை முடி, கழுத்தில் அந்த பேஸ். வயரின் மறுமுனை ஸ்பீக்கருக்குப் பின்னால் தரையில் கிடந்தது. ஒரு மணி நேரம் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். டும் டும் என்று மண்டபம் அதிர்ந்தது. சம்பந்தி எழுந்து நின்று கைதட்டினார். பெண்ணின் தாய்மாமன் பெரிய ஆர்ட்டிஸ்ட் என்று தன் சொந்தக்காரர்களிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனவர், பீரோவை அதற்குப் பிறகு தட்டவே இல்லை.

பதினோரு மாதத்தில் அத்தைக்குப் புது பீரோ வந்தது. அதற்குள் நான் மூட்டைகளுக்குப் பழகிவிட்டேன். முதலாளி கடையை விட்டபோது நானே எடுத்துக்கொண்டேன். மாமா விலகிக்கொண்டு, வீட்டுக் கூடத்தில் பேஸை மாட்டிவைத்து, வருகிறவர்களுக்கு மணிமுத்தாறு மழையைச் சொல்லிக்கொண்டு இருக்கிறார். அத்தை ஸ்டெல்லாவை இன்னும் மன்னிக்கவில்லை.

போன வருடம் வள்ளி பேத்திக்குக் காதுகுத்து. வள்ளியின் மாமனார் வழக்கம்போல என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உங்கள் மாமா கை என்ன கை, அந்த ரத்தத்தில் உமக்கு ஒரு துளிகூட வரவில்லையே, உமக்குப் பாட்டு என்றால் பிடிக்காதோ என்று வருத்தப்பட்டார். ஏழு வருடம் பேஸ் வாசித்தவன் நான். வாயைத் திறந்தேன். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த என் தங்கை முந்திக்கொண்டாள்.

"அதுக்கெல்லாம் ஞானம் வேணும்லா. எங்கண்ணனுக்கு யூரியாவும் பொட்டாசும்தான் தெரியும்."