வீடு மாறிய கிருமி

ஒரு காட்டில் புயல் அடித்தது. அந்தப் புயலுக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். காட்டில் பாதி மிருகங்களுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போன புயல், போகும்போது காட்டின் ஒரே குளத்தில் செத்த ஆடுகள், வேரோடு இரண்டு மரங்கள், யாருடையது என்று தெரியாத ஒரு செருப்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனது. அந்தத் தண்ணீரைக் குடித்த மிருகங்கள் புதர்களை நோக்கி ஓடத் தொடங்கின. புதர்கள் போதவில்லை.

பத்தாம் நாள் கடல் தாண்டி ஒரு பூநாரை அம்மையார் வந்து இறங்கினார். நிவாரணம் அவருடைய தொழில். இறக்கைக்கு அடியில் ஒரு கட்டுப் படிவங்கள் வைத்திருந்தார். திட்டத்தின் பெயர் 'குடிநீரும் கூத்தும்'. குளக்கரையில் மணல், கரி, சரளை அடுக்கி ஒரு தொட்டி கட்டி அதில் குழாய் வைத்துத் தருவார்கள். அந்தத் தண்ணீரை ஏன் குடிக்க வேண்டும் என்பதைக் காட்டு மிருகங்களே கூத்துக் கட்டி ஆட வேண்டும்.

"தொட்டி மட்டும் போதாதாம்மா?" என்று கேட்டது ஆமை.

"தொட்டி உங்கள் உடம்புக்கு. கூத்து உங்கள் மனசுக்கு. புயலில் மனசும் சேதமாகியிருக்கும்."

"எனக்கு வயிறு மட்டும்தாம்மா" என்று சொல்லிவிட்டு ஆமை தன்னால் முடிந்த வேகத்தில் புதரை நோக்கிப் போனது. அந்த வேகம் போதவில்லை.

கூத்து கட்டும் பொறுப்பு கரடி வாத்தியாருக்கு வந்தது. தூய நீர் வேடத்துக்கு மயில் தானாகவே முன்வந்தது. கிருமி வேடத்துக்கு யாரும் வரவில்லை. வாத்தியார் ஒரு சுற்று பார்த்தார். புங்க மரத்துக் கிளையில், பகல் வெளிச்சம் தாங்காமல் விழித்தபடி உட்கார்ந்திருந்தது சிங்காரம் என்ற தேவாங்கு.

"டேய் சிங்காரம், இறங்கு. உன்னைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குது. நீதான் கிருமி."

சிங்காரத்துக்கு இது புதிதல்ல. காட்டில் யாருக்காவது யாரையாவது திட்ட வேண்டுமென்றால் அதன் பெயரைத்தான் எடுப்பார்கள். ஒரு கூட்டத்தில் அது எழுந்து பேசினால், பேசி முடித்த பிறகுதான் யார் பேசியது என்று திரும்பிப் பார்ப்பார்கள். வேடம் என்று ஒன்று கிடைப்பதே பெரிது என்று இறங்கி வந்தது.

தூய நீர் பேச வேண்டிய ஒன்பது அறிவுரைகளையும் பூநாரை அம்மையாரே எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. கிருமிக்கு ஒரே வரி: 'நான் கிருமி. நான் தீயவன்.' மேற்கொண்டு கிருமி எதைப் பேசினாலும் தடுப்பாரில்லை. நாற்பது வருடம் கூத்தாடிய வாத்தியாரின் கை சும்மா இருக்குமா? தன் கலை முழுவதையும் கிருமியின் தலையில் கொட்டினார். கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம். திரைக்குப் பின்னால் நின்று முதலில் காலைக் காட்டி, பிறகு கையைக் காட்டி, கடைசியில் திரையைக் கிழித்துக்கொண்டு வரும் வருகை.

முதல் ஆட்டத்தன்று மயில் முக்கால் மணி நேரம் கை கழுவச் சொன்னது. கூட்டம் கொட்டாவி விட்டது. பிறகு மத்தளம் மாறியது. திரை கிழிந்தது. இரண்டு பெரிய கண்கள் கூட்டத்தைப் பார்த்தன.

"கண்ணுக்குத் தெரியமாட்டேன்... காட்டையே ஆட்டி வைப்பேன்! ஒருத்தன்னு நினைச்சியா? ஒரு சொட்டுல நான் ஒரு கோடிடா!"

விசில் பறந்தது. குரங்குகள் கிளையிலிருந்து விழுந்தன. முடிவில் தூய நீர் துடைப்பத்தால் கிருமியை அடித்துக் கொன்றபோது ஒரு கல் வந்து மயிலின் கொண்டையில் பட்டது. இரண்டாம் ஆட்டத்தில் கிருமி செத்துப் பிழைத்தது. மூன்றாம் ஆட்டத்தில் சாகவே இல்லை. மயில்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போனது.

அந்த வாரமே 'அகிலக் காட்டுக் கிருமி ரசிகர் மன்றம்' தொடங்கப்பட்டது. தலைவர் வீரபாகு என்ற காட்டுப்பன்றி. மரப்பட்டையில் இருபது அடிக்குக் கிருமியின் உருவம் செய்து குளக்கரையில் நிறுத்தினார்கள். காலையும் மாலையும் குடம் குடமாகக் குளத்துத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றிவிட்டு, காலடியில் வடிவதைக் கையேந்திக் குடித்தார்கள். பக்கத்திலேயே தொட்டி நின்றது. அதன் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

"அண்ணனைக் கொல்ற தொட்டி அது" என்றார் வீரபாகு. "அதுல எவன் வாயை வைக்கிறானோ, அவன் மூஞ்சியில நான் முழிக்கமாட்டேன்."

சொல்லும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

சிங்காரம் தடுத்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், அதற்கு மனம் வரவில்லை. எதிரே போனால் மான்கள் வழிவிட்டன. யானை ஒன்று அதை "அண்ணே" என்றது. ஒரு கைப்பிடி உயரமுள்ள ஒருவனை யானை அண்ணே என்று அழைத்தால் அவன் என்ன செய்வான்?

ஒருநாள் அதன் மகள் கண்மணி குளத்தங்கரையிலிருந்து தள்ளாடி வந்து கிளையில் சுருண்டது.

"என்னடி குடிச்ச?" என்றாள் தாய் மரகதம்.

"குளத்துல. நான் குழாய்கிட்ட போனேன். அணில் பசங்க சிரிக்கிறாங்க. கிருமி மகளே தொட்டித் தண்ணி குடிக்குது பாருடான்னு. அப்பா மானம் போயிடும்ல, அதான்..."

இரண்டாம் நாள் கண்மணியின் கண்கள் உள்ளே போயின. தேவாங்குக்குக் கண் உள்ளே போனால் பிறகு முகத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது. மரகதம் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி உப்பும் தேனும் கலந்து துளித்துளியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்மணி வாயை இறுக்கிக்கொண்டது.

"ஒரு சொட்டுல ஒரு கோடியாமே" என்றாள் மரகதம், கணவனைத் திரும்பிப் பார்க்காமல். "அதுல ஒருத்தரை மட்டும் என் பிள்ளை வயித்துல இருந்து வெளியே வரச் சொல்லுங்க, பார்க்கலாம்."

சிங்காரம் மகளின் காதருகில் குனிந்தது. "கண்ணு, அந்தத் தொட்டித் தண்ணியில ஒண்ணும் கிடையாது. அது வெறும் நல்ல தண்ணி. அப்பா சும்மா வேஷம் போடுறேன். குடிச்சிரு. அப்பாவுக்கு மானமெல்லாம் வேண்டாம்."

கண்மணி குடித்தது. சிங்காரம் அப்படியே குளக்கரைக்குப் போய், தன் சிலையின் கால் மேல் ஏறி நின்றது.

"கேளுங்க! நான் கிருமி இல்ல. நான் சிங்காரம். அந்தப் புங்க மரத்துத் தேவாங்கு. இந்தக் குளத்துத் தண்ணியைக் குடிக்காதீங்க. செத்துப்போவீங்க!"



"தன்னடக்கத்தைப் பாருய்யா!" என்று கத்தியது ஒரு முயல்.

"அண்ணன் நமக்குச் சோதனை வைக்கிறாரு" என்றார் வீரபாகு. "யாரும் தோத்துடாதீங்க. ஆளுக்கு ரெண்டு குடம்!"

சிங்காரம் கீழே இறங்கி வாத்தியாரிடம் போய் அழுதது. வாத்தியார் மத்தளத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இப்ப பேசினது யாருடா?"

"நான்தான் வாத்தியாரே."

"நான்னா யாரு? சிங்காரம். சிங்காரம் பேச்சை இந்தக் காட்டுல என்னைக்கு எவன் கேட்டான்? போய்க் கிரீடத்தை வெச்சுக்கிட்டு வா."

சாயங்காலம் மத்தளம் அதிர்ந்தது. திரை கிழிந்தது. கிருமி தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னது:

"இந்தக் குளம் எனக்குச் சலிச்சுப்போச்சு! என்னை அடைக்க ஒரு தொட்டி கட்டினாங்க. அடைச்சாங்களா? அதுக்குள்ளயே குடி போயிட்டேன்! மணல் என் மெத்தை. கரி என் கண்ணுக்கு மை. இனிமே என்னைப் பார்க்கணும்னா குழாயைத் திறடா!"

அன்று இரவுக்குள் சிலந்தி வீடிழந்தது. மறுநாள் குழாயடியில் வரிசை ஆற்று மேடுவரை நின்றது. வரிசையில் முந்தியதற்காக இரண்டு நரிகள் கடித்துக்கொண்டன. "ஆளுக்கு ஒரு கோடிதான், மேல கேட்கக் கூடாது" என்று வீரபாகு ஒழுங்குபடுத்தினார். பத்து நாளில் புதர்கள் காலியாயின. ஆமை நிதானமாக நடந்தது. கண்மணி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றது.

பிறகு பூநாரை அம்மையார் படிவத்தோடு வந்தார். படிவத்தில் ஒரே கேள்வி: தொட்டி நீரில் கிருமி உண்டா, இல்லையா?

"உண்டாவா?" என்று முகம் சுளித்தார் வீரபாகு. "மரியாதையா எழுதுங்கம்மா. 'இருக்கிறார்'னு போடுங்க."

மான், முயல், யானை, நரி, எல்லாரும் அதையே சொன்னார்கள். யானை நெஞ்சில் தும்பிக்கையை வைத்துக்கொண்டு சொன்னது. அம்மையார் ஒற்றைக் காலில் வெகுநேரம் நின்றார். பிறகு, கலைஞர்களில் முதன்மையானவர் என்று கேள்விப்பட்டு சிங்காரத்தை அழைத்தார்.

"விழிப்புணர்வு பூச்சியம். விதிப்படி நாளைக் காலை இன்னொரு முறை கேட்பேன். நாளையும் இப்படியே சொன்னால் தொட்டியைப் பிரித்து மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம்."

"அம்மா, எல்லாருக்கும் உடம்பு நல்லாயிடுச்சே. என் மகளைப் பாருங்க, எந்திரிச்சு உட்கார்ந்திருக்கா. தொட்டி போனா மறுபடி குளம்தான். இன்னொரு தடவை அவ தாங்கமாட்டாம்மா."

"மகிழ்ச்சி. ஆனால் உடம்பு என்று ஒரு கட்டம் இந்தப் படிவத்தில் இல்லை."

சிங்காரம் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது. உண்மையைச் சொன்னால் தொட்டி நிற்கும், குடிப்பவர் இருக்கமாட்டார். பொய் நீடித்தால் குடிப்பவர் இருப்பார், தொட்டி நிற்காது. புங்க மரத்தடிக்கு வருமுன் அது வழி மாறி, மத்தளம் இல்லாமல், கிரீடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மன்றத்துக்குள் நுழைந்தது.

"வீரபாகு, கதவைச் சாத்து. அந்த நெட்டைக்கால் அம்மா யாருன்னு நினைச்ச? என்னைப் பிடிக்க வந்தவங்க. நான் எங்க இருக்கேன்னு நோட்டம் பார்க்குறாங்க. நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைக் காட்டிக் கொடுத்துட்டீங்க."

வீரபாகு தரையில் விழுந்து புரண்டார். "ஐயோ அண்ணே! என் வாயை அறுக்கணும்! என்ன செய்யணும், சொல்லுங்க!"

"தொட்டியில நான் இல்லைன்னு சொல்லணும். எல்லாரும் சொல்லணும். அவங்க நம்புற மாதிரி சொல்லணும்."

மன்றம் கண் மூடவில்லை. நம்புகிற மாதிரிப் பேசுவதற்கு விவரம் தெரிய வேண்டுமே. மயிலைத் தேடிப்போய் எழுப்பினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக மயிலின் ஒன்பது அறிவுரைகளையும் ஒரு கூட்டம் வாய் பிளந்து கேட்டது. மனப்பாடம் செய்தது. ஒருவரையொருவர் ஒப்பிக்கச் சொல்லித் திருத்தியது.

காலையில் அம்மையார் வந்தபோது காடே கை கழுவிக்கொண்டிருந்தது.

"கிருமியா? இதுலயா?" என்றார் வீரபாகு, சிரிப்பு வராமல் பார்த்துக்கொண்டு. "மணல் தூசியைப் பிடிச்சுடும், கரி வாடையைப் பிடிச்சுடும், சரளை மிச்சத்தைப் பிடிச்சுடும். இதைத் தாண்டி எவன்மா உள்ள வருவான்? என் பிள்ளைங்க தலை மேல சத்தியமா இல்லம்மா."

சத்தியம் செய்யும்போது அவர் முதுகுக்குப் பின்னால் வாலைச் சுருட்டிக்கொண்டார், பொய்ச் சத்தியம் பலிக்காமல் இருக்க. யானை கண்ணீரோடு சத்தியம் செய்தது. முயல் தன் குலதெய்வத்தை இழுத்தது. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்ற சிங்காரத்தை ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பார்த்து, கவலைப்படாதீங்க அண்ணே என்பதுபோல் தலையை ஆட்டினார்கள். அம்மையாரின் அலகு துடித்தது. முப்பது காடுகளில் இப்படி ஒரு விழிப்புணர்வை அவர் பார்த்ததில்லை. தொட்டி இனி இந்தக் காட்டுக்கே சொந்தம் என்று அங்கேயே முத்திரை குத்தினார்.

கடைசியாக மரகதத்தின் முதுகில் தொற்றிக்கொண்டு வந்த கண்மணியிடம் குனிந்தார்.

"நீ சொல் பாப்பா. தண்ணீரில் கிருமி உண்டா?"

"இல்ல" என்றது கண்மணி.

அம்மையார் காத்திருந்தார். குழந்தை சத்தியம் செய்யவில்லை. மணல், கரி எதையும் சொல்லவில்லை. யாரையும் ஓரக்கண்ணால் பார்க்கவுமில்லை. கொட்டாவி விட்டது.

அவர் படிவத்தின் ஓரத்தில் எழுதினார்: 'ஒரு குழந்தையைத் தவிர அனைவரும் உணர்ந்து பேசினார்கள்.'

நீதி: ஒரு ஊரே சேர்ந்து உண்மை பேச வேண்டுமானால், அது பொய் என்று முதலில் எல்லோரையும் நம்பவைக்க வேண்டும்.