இன்ஜினியரை இடித்த வண்டி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது.

இங்கே தூசி, வெயில் உட்பட அனைவரும் நலம். தங்கள் நலம்தான் சரியில்லை என்று மகள் போனில் சொன்னாள். சாப்பாடு இறங்கவில்லையாம், காலிங்பெல் அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறதாம், பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறீர்களாம். வண்டியையும் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறீர்களாம். வண்டிக்கும் காய்ச்சலோ என்னவோ. போனிலேயே விசாரித்திருப்பேன், ஆனால் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நீண்டுவிடும், அதனால் கடிதம்.

நண்பர்களிடம் ‘மாமனார் சாலைத் துறையில இருக்காரு’ என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். பொய்யில்லை, சாலையில்தான் இருக்கிறேன், நட்டநடுவில். ஒரு பக்கம் ‘நில்’, மறுபக்கம் ‘மெதுவாகச் செல்’ என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ‘நில்’ காட்டினால் ஹார்ன் அடிக்கிறார்கள், ‘மெதுவாக’ காட்டினால் பறக்கிறார்கள், பலகையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று நானே இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன். போன வாரம் ஒரு மகராசன் இறங்கிவந்து தடுப்புக் கூம்பை நகர்த்திவிட்டு உள்ளே போய், ஈரத் தாரில் நாலு சக்கரமும் ஒட்டிக்கொண்டதும், “தார் போடறோம்னு ஒரு போர்டு வைக்கக் கூடாதாய்யா?” என்று என் சட்டையைப் பிடிக்க வந்தார். அந்த போர்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு அம்மா கண்ணாடியை இறக்கி, “நீங்க ஓரமா நின்னா எல்லாரும் சீக்கிரம் போகலாமே” என்று யோசனை சொன்னார். ரோடே எனக்காகத்தான் தோண்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

இதற்கு மேல் தாங்காது என்றுதான் நாங்களே ஒரு பொம்மை செய்தோம். கோணியில் வைக்கோல் அடைத்து உடம்பு, பெயிண்ட் டப்பா தலை, உடைந்த லாரியின் வைப்பர் மோட்டாரை வைத்துக் கொடி ஆட்டும் கை. கல்யாணத்துக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த சட்டை எனக்குத் தோளில் ஏறவேயில்லை, பொம்மைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. வேலையே செய்யாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்ததால் இன்ஜினியர் என்று பெயர் வைத்தோம். என்ன சொல்ல மாப்பிள்ளை, உயிரோடு நிற்கிற என்னை மதிக்காதவர்கள் டப்பாவைக் கண்டதும் பிரேக் போட்டார்கள். ஒருவர் வணக்கமே வைத்தார். கான்ட்ராக்டர் பூரித்துப்போய் அவருக்குப் புது ஹெல்மெட் கொடுத்தார், என்னுடையது இன்னும் விரிசல் விட்டதுதான்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. உங்கள் வண்டி நிறம்தான், ஊரில் பாதி வண்டி அந்த நிறம்தானே. ஓட்டியவனுக்குக் கண் மடியில் இருந்த போனில். முதல் பலகை, இரண்டாவது பலகை, வரிசையாகக் கூம்புகள், எதுவும் அவன் கண்ணில் படவில்லை, கத்திய என் தொண்டையும் காதில் விழவில்லை. நேரே போய் இன்ஜினியரைத் தூக்கி அடித்தான். தலை உருண்டு பள்ளத்தில் விழுந்தது, கை தனியாகக் கிடந்து இன்னும் மெதுவாகப் போகச் சொல்லிக் கொடி ஆட்டிக்கொண்டிருந்தது.

நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். காரின் பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது. அப்பாடா, நிறுத்திவிட்டான், இறங்கி வருவான், என்ன இருந்தாலும் மனுஷன்தானே என்று நினைத்தேன். விளக்கு அணைந்தது. கார் போய்விட்டது.

விழுந்தது வைக்கோல் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதே! அவனைப் பொறுத்தவரை ஒரு ஆளை அடித்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான். ரோலர் ஓட்டுகிறவர், “போலீஸ்ல சொல்லலாமாண்ணே?” என்றார். “வைக்கோலுக்கு எவன்யா கேஸ் எடுப்பான்?” என்று சொல்லிவிட்டேன். கான்ட்ராக்டர் ஓடோடி வந்து டப்பாவைத் தடவித் தடவிப் பார்த்தார். போன மழையில் என் கால்மேல் டயர் ஏறியபோது பிஸ்கட் பொட்டலம்தான் வந்தது, அவர் வரவில்லை. “வேற பொம்மை வர்ற வரைக்கும் அந்த இடத்துல யாரையாவது நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வயிறு எரிவது அதற்கில்லை. அந்தக் கார்க்காரனுக்கும் ஒரு மாமனார் இருப்பார். பெண்ணைக் கொடுத்திருப்பார். அந்தப் பெண் தினமும் அதே காரில் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள். நாளைக்கே அவளுக்கு ஒன்று ஆனால் இவன் இறங்குவானா, இல்லை விளக்கைப் போட்டு அணைத்துவிட்டு ஓடுவானா? இது தெரிந்த அப்பன் எப்படிய்யா தூங்குவான்? நான் தூங்கி நாளாச்சு மாப்பிள்ளை.

அவன் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கேயோ கஞ்சி இறங்காமல் கிடப்பான், செத்தது யாரென்று தேடிக்கொண்டிருப்பான். யாரும் சாகவில்லை என்று எப்படியாவது அவன் காதுக்கு எட்டினால் சரி. இதைப் படித்து முடிக்கும்போது தங்கள் காய்ச்சலும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

தாங்களும் மகளும் நீண்ட ஆயுளோடும், அதைவிட முக்கியமாக நிதானத்தோடும் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: அவன் யாரென்று தெரியாது என்று எழுதியதை அடித்துவிடவும். உங்கள் காரின் முன்பக்க நம்பர் பிளேட் இன்ஜினியரின் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது. துடைத்து என் சாப்பாட்டுப் பையில் வைத்திருக்கிறேன். மகளிடம் நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவர் நீங்கள். சொல்லிவிட்டு, நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். என்னைத் தேட வேண்டாம், இன்ஜினியர் நின்ற இடத்தில் என்னைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அதே ஹெல்மெட், அதே கொடி, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மெதுவாக வாருங்கள்.