நீலமேகத்தின் வெள்ளை

வெள்ளை நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இந்த உலகத்தில் தமக்கு மட்டுமே உண்டு என்று நம்பி வாழ்ந்த மனிதர் ஒருவரை நான் அறிவேன். பால், பஞ்சு, திருநீறு ஆகியவற்றைக்கூட ஒரு முறை சந்தேகத்தோடு உற்றுப் பார்த்த பிறகே அவர் வெள்ளை என்று ஒப்புக்கொள்வார். ஒரு நாள் பலாங்கொடை பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இருந்த அவர், வயலில் நின்ற கொக்கொன்றைப் பக்கத்துப் பிரயாணிக்குச் சுட்டிக்காட்டி, "இன்னும் ஒரு தண்ணி அலசியிருக்கணுங்க" என்று சொன்னதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன்.

அவர் எங்கள் தோட்டத்து டோபி. இயற்பெயரை இங்கே எழுதுவது முறையாகாது. தோட்டத்தில் அவரை முகத்துக்கு முன்னால் 'டோபி ஐயா' என்றும், முதுகுக்குப் பின்னால் 'நீலமேகம்' என்றும் அழைத்தார்கள். பின்னால் வழங்கிய பெயரைச் சூட்டியவர் தேயிலைத் தொழிற்சாலையின் பொறுப்பாளரான டீமேக்கர். கல்லூரியில் படித்தவன் பட்டப்பெயர் சொல்லலாகாது என்பது என் கொள்கையாதலால், நான் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதுவதற்கு ஏதாவதொரு பெயர் வேண்டியிருக்கிறது. அந்த ஒரே காரணத்துக்காக இங்கே கையாள்கிறேன்.

சென்ற மாதம் என் வலது கண்ணில் விழுந்திருந்த புரையை இரத்தினபுரியில் எடுத்தார்கள். கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்தபோது, பார்க்க வந்தவர்களைவிட, இனி வர இயலாத இந்த மனிதரே திரும்பத் திரும்ப நினைவில் வந்தார்.

நான் சொல்வது, தோட்டங்கள் அரசாங்கத்திடமிருந்து கம்பனிகளுக்குக் கைமாறிய காலத்தை. நான் பெரிய கிளாக்கர். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் இன்றி நான் ஆபீஸ் படியில் கால் வைத்ததில்லை. அந்த வெள்ளையை எனக்குத் தந்தவர் நீலமேகம். மலைத் தண்ணீர் பீலி வழியாக வந்து விழும் இடத்தில் ஒரு கல், ஒரு செம்பு அண்டா, சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டி. அவருடைய சாம்ராஜ்யம் அவ்வளவுதான். மற்ற வேலைகளைச் சம்சாரத்தோடு பங்கிட்டுக்கொள்வார். கடைசித் தண்ணீரில் நீலம் கரைப்பதை மட்டும் எவரிடமும் விடமாட்டார். துணியை வெளிச்சத்துக்கு உயர்த்துவார். முகத்தைச் சுளிப்பார். "பத்தாது" என்பார். இன்னும் ஒரு சிட்டிகை விழும்.

அந்தச் சிட்டிகை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. என் சட்டைகளில் முதலில் விடியற்கால வானத்தின் சாயல் தென்பட்டது. பிறகு இளங்காலை. கடைசியில் உச்சிப்பொழுது. சம்பள நாளில் எங்கள் ஸ்டாஃப் அனைவரும் வரிசையாக நின்றால், ஆகாயத்தில் ஒரு துண்டு கழன்று ஆபீஸ் வாசலில் விழுந்தது போலிருக்கும். ஆனாலும் எவரும் அவரிடம் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் கலியாணமென்றால் மணவறைக்கு மேலே வெள்ளை கட்டுபவர் அவர். சாவென்றால் பாடைக்கு முன்னால் வழிநெடுக வெள்ளைத்துணி விரித்துக்கொண்டு போகிறவரும் அவர்தான். நல்லதிலும் கெட்டதிலும் நமக்கு முன்னால் நடந்த வெள்ளையைப் பார்த்து, அது வெள்ளையல்ல என்று எந்த வாயால் சொல்வது?

என் மூத்த மகளின் கலியாணத்தில் அவர் கட்டிய வெள்ளை, பட்டப்பகல் வானமாகவே இருந்தது. கொழும்பிலிருந்து வந்த சம்பந்தி அம்மாள் அண்ணாந்து பார்த்தார்.

"இப்ப இதுதான் புது மாடலா?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"ஆமாங்க, புது மாடல்," என்றாள் என் மனைவி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பந்தியைக் கவனிக்கப் போனேன்.

நீலத்தோடு நின்றிருந்தால் பொறுத்திருக்கலாம். யாருடைய துணி என்று அறிய ஓரத்தில் தாமே இட்ட சேங்கொட்டை மைக் குறிகளும் அவருக்குத் தெரியாமற் போயின. ஒரு வாரம் டீமேக்கரின் சட்டை என் வீட்டுக்கு வந்தது. டீமேக்கர் ஒரே உடம்பில் இருவராக வாழ்ந்தவர். நான் அதை அணிந்து, இரு கைகளையும் விரித்து, நீலமேகத்தின் முன் நின்று காட்டினேன். அவர் சற்றும் கலங்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் குரல் கொடுத்தார்.

"அம்மா! ஐயாவுக்கு ஒடம்பு ரொம்ப எறங்கிப் போச்சுங்க. முட்டை கிட்டை அவிச்சுக் குடுங்க."

"டோபி, இது என் சட்டை இல்ல."

"சட்ட ஐயாவோடதுதாங்க. ஐயாதான் பழைய ஐயாவா இல்ல."

மறுநாள் தொடக்கம் என் மனைவி எனக்குத் தினமும் முட்டை அவித்துத் தந்தாள்.

இந்த நிலையில் புதிய கம்பனி தோட்டத்தை நடத்த ஓர் இளம் துரையை அனுப்பிவைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார் கிளப்பில் கிரிக்கெட் ஆடுகிறவர். அவருடைய ஆட்ட உடுப்பு நீலமேகத்திடம் போய் வந்தது. அடுத்த ஞாயிறு மைதானத்தில் எல்லோரும் வெள்ளையில் நிற்க, எங்கள் துரை ஒருவர் மட்டும் ஆகாய வர்ணராக நின்றார். கதிரைகளில் இருந்த துரைமார் வீட்டு நோனாமார் சிரித்துவிட்டார்களாம்.

திங்கட்கிழமை காலை துரை என்னை அழைத்தார். மழை முடிந்து அடுத்த பருவத்து ஆட்டம் தொடங்கும்வரை டோபிக்குத் தவணை. அன்றைக்கும் உடுப்பு நீலமாக வந்தால், தோட்டத்து வெளுப்பு வேலை முழுவதும் பலாங்கொடை லோன்ட்ரிக்குப் போகும். தொழிலாளர் லயத்தில் டோபிக்கென ஒதுக்கிய ஒற்றை அறைக் காம்பராவையும் காலி செய்யவேண்டும். இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு பெரிய கிளாக்கருக்கு.

நீலமேகம் பிறந்தது அந்தக் காம்பராவில். அவருடைய அப்பன் கண்மூடியதும் அங்கேதான். வேறு கூரை அவருக்கு இருந்ததாக நான் அறியேன்.

எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலாங்கொடைக் கடையில் புதிய சட்டையொன்று வாங்கி, தண்ணீர் படாத அதையும் அவர் வெளுத்த என் சட்டையையும் வராந்தா மேசையில் பக்கம் பக்கமாக வைத்து அவரை அழைத்தேன்.

"இந்த ரெண்டுல எது வெள்ளைன்னு சொல்லுங்க."

இரண்டையும் மூக்கில் முட்டுமளவு தூக்கிப் பார்த்தார். "இது என்னாங்க கேள்வி? இது நம்ம வெளுத்தது, வெள்ள. மத்தது பழுப்பு. எந்தக் கடையிலங்க வாங்குனீங்க? ஐயாவ நல்லா ஏமாத்திப்புட்டானுங்க. குடுங்க, நீலத்துல ஒரு முக்கு முக்கித் தாறேன்."

என் மனைவி கதவோரத்திலிருந்து வெளியே வந்துவிட்டாள். "டோபி, ஒங்க ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு. இங்கயிருந்தே தெரியுது. கருமணியில வெள்ளையாப் படர்ந்திருக்கு."

"வெள்ளதானுங்களே அம்மா, அழுக்கு இல்லையே?"

வேறு வழியில்லாமல் துரை சொன்னதைச் சொன்னேன். நீலமேகம் தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மீண்டும் மடித்தார்.

"காம்பராவுமாங்க?"

"ஆமாம்."

பீலிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு மொத பஸ் எத்தன மணிக்குங்க?" என்று கேட்டார்.

முதலில் ஒரு கண்ணை மட்டும் அறுவை செய்தார்கள். பச்சைத் துணி மறைப்பும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரும்பி வந்தார். சிங்களத்தில் 'எப்பா' என்றால் வேண்டாம் என்று பொருள். ஆஸ்பத்திரித் தாதி சொல்லியனுப்பிய எப்பாக்களை அவர் சந்திக்கிறவர்களிடமெல்லாம் ஒப்புவித்தார்.

"குனிய எப்பா. பாரம் தூக்க எப்பா. தலைக்குத் தண்ணி எப்பா. அடுப்புப் பொகை எப்பா. டோபியாப் பொறந்ததே எப்பான்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாமுங்க."

சில வாரங்கள் பீலியடியில் ஒரு புதுத் துரை நின்றார். கறுப்புக் கண்ணாடி, பின்னால் கட்டிய கைகள். கல்லில் துணி அடிக்கும் சம்சாரத்துக்கு, "வலது பக்கம் அடி, கழுத்துப் பட்டிய விட்டுட்டே" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் அந்த அம்மாள் நுரைக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவருக்குக் கண்மருந்து விடுவாள். "அண்ணாந்து நில்லுங்க துரை. பங்களாவுல கூட இப்பிடி ஊழியம் கெடைக்காது" என்பாள்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் அனுமதித்த மறுநாள், கை நிறையத் துணிகளை அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க என் வராந்தாவுக்கு ஓடிவந்தார்.

"ஐயா, மோசம் போயிட்டேனுங்க! டாக்டர் மாத்தயா என் கண்ணுக்குள்ள நீலத்தக் கரைச்சு ஊத்திப்புட்டாரு! கொடியில காயிற அம்புட்டும் நீலமாத் தெரியுதுங்க. ஐயா இங்கிலீசுல ஒரு பெட்டிசன் எழுதுங்க. எனக்கு என் பழைய கண்ணு வேணும்."

நான் அவரை உட்காரவைத்து, பெட்டியிலிருந்த அந்தக் கடைச் சட்டையை எடுத்து மடியில் போட்டேன். "புதுக் கண்ணால பாருங்க."

பழைய கண்ணைக் கையால் பொத்தினார். நெடுநேரம் பார்த்தார். "வெள்ளைங்க," என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"பழைய கண்ணால?"

"பழுப்பு."

பிறகு, நான் கேளாமலே, நான் அணிந்திருந்த சட்டையைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணை மூடினார். இரண்டு யன்னல்களை மாறி மாறிச் சாத்துபவர் போலக் கழுத்துப்பட்டியிலிருந்து கீழ்விளிம்புவரை பார்த்துக்கொண்டே வந்தார். முடிவில் இரண்டு கைகளும் மடியில் விழுந்தன.

"எத்தன காலமாங்க?"

பொய் சொல்வது என் வழக்கமல்ல. "கொஞ்ச நாளாத்தான்," என்றேன்.

"பெரிய பாப்பா கலியாணத்துல கட்டுனது?"

நான் மீண்டும் தொண்டையைச் செருமினேன். "அது புது மாடல்," என்று உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"இதப் போட்டுக்கிட்டா ஐயா இத்தன காலமும் ஆபீசுக்குப் போனீங்க?"

"அதுக்கென்ன? நல்லாத்தானே இருக்கு."

அவர் எழுந்தார். கொண்டுவந்த துணிகளை வாரிக்கொண்டு இறங்கிப் போனார். இனி இந்த மனிதர் அண்டாவில் கைவைக்கமாட்டார், காம்பரா போனது போனதுதான் என்று நான் எண்ணினேன்.

என் கணிப்புத் தவறியது. மறுநாள் ஆஸ்பத்திரி தந்த பச்சை மறைப்பைப் பழைய கண்ணின்மேல் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். ஆஸ்பத்திரியில் கண்ணை மாற்றி வெட்டிவிட்டார்களோ என்று லயமெங்கும் கலவரம். அதை அவர் பொருட்படுத்தவில்லை. யாரிடமும் அனுமதி கேளாமல், கொடியில் கிடந்தது, பெட்டியில் இருந்தது என்று ஸ்டாஃப் வீடுகளின் வெள்ளை முழுவதையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார். நீலம் போக வேகவைத்து, அலசி, மீண்டும் வேகவைத்தார்கள். அவர் குனியப் போனபோதெல்லாம் சம்சாரம் "எப்பா!" என்று அதட்டினாள்.

புதுக் கண்ணால் அந்த அம்மாளையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார் போலும். "என்னாடி, தலை இம்புட்டு நரைச்சுக் கெடக்கு?" என்று கேட்டாராம்.

"வெள்ளதானே? ஒங்களுக்குப் புடிச்ச கலர்தானே?" என்று திருப்பிக் கேட்டாளாம் அவள்.

அந்த நாட்களில் எங்கள் ஆபீஸ் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. தேயிலை மலையை மேற்பார்க்கும் கண்டக்டர் பூப்போட்ட சட்டையில் வந்தார். டீமேக்கர் சிவப்புக் கட்டத்தில் வந்தார். நான் மகள் கலியாணத்துப் பட்டுச் சட்டையில் உட்கார்ந்து தேயிலைக் கணக்குப் பார்த்தேன். இன்றைக்குக் கோயில் திருவிழாவா என்று துரை விசாரித்தார். ஒரு விதத்தில் அப்படித்தான் என்றேன்.

மழை விட்டது. அடுத்த ஆட்டத்தில் துரையின் உடுப்பில் வெயில் பட்டுத் தெறித்ததால் பந்து வீசுபவர் கண்ணைச் சுருக்கினாராம். துரை ஓர் ஓட்டமும் எடுக்காமல் ஆட்டமிழந்தார். ஆனால் பலாங்கொடை லோன்ட்ரி பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை. காம்பராவும் டோபியிடமே நின்றது.

எனது துணிகளை ஒப்படைக்க வந்த அன்று நீலமேகம் வாசலில் தயங்கினார். "ஐயாவோட சட்டையில ஒண்ணு கொறையுதுங்க. அது மட்டும் வெளுக்க வரல."

"அது கிழிஞ்சு போச்சு. கரித்துணியாக்கியாச்சு."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீலமேகம் புதுக் கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஹரிங்க," என்று சிங்களத்தில் சரி சொன்னார். இறங்கிப் போனார்.

மற்றக் கண்ணை அவர் கடைசிவரை அறுவை செய்துகொள்ளவில்லை. நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். "இது இப்பிடியே இருக்கட்டுங்க. புதுக் கண்ணு வேலைக்கு. இது ஒங்களையெல்லாம் பாத்துப் பழகுன கண்ணு" என்பார். அவர் போனபோது பாடைக்கு முன்னால் வேறு யாரோ துணி விரித்தார்கள். அது நல்ல வெள்ளைதான். ஆயினும் பின்னால் நடந்த எனக்கு ஏனோ அது பத்தாதது போலிருந்தது.

சென்ற வாரம் என் கண்ணைப் பரிசோதிக்க மீண்டும் இரத்தினபுரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பெட்டியின் அடியில் மடிப்புக் குலையாமல் கிடந்த அந்த ஒரு சட்டையை எடுத்து அணிந்துகொண்டு போனேன். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தாதி இளம்பெண். சிங்களம் கலந்த தமிழில் சிரித்துக்கொண்டே அன்பாகப் பேசினாள். சுவரிலிருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னாள்; பிழையின்றி வாசித்தேன். பிறகு நிறம் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக என் மார்பைச் சுட்டிக்காட்டினாள்.

"மாத்தயா போட்டிருக்கிற சேர்ட் என்ன கலர்?"

குனிந்து பார்த்தேன். புதுக் கண்ணுக்கு அது மேகமற்ற உச்சிப்பொழுது வானமாகத் தெரிந்தது.

"வெள்ளை," என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்த முறை சிங்களத்தில் கேட்டாள். "சுதுத?"

"சுதுதான். நல்ல வெள்ளை."

தாதி கவலையோடு டாக்டரை அழைக்க உள்ளே போனாள். நான் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.