தாமத ஒழிப்புக் குழு

தாமதத்தைப் பற்றி கடலூர் மாவட்டத்தில் என்னைவிட அதிகம் அறிந்தவர் எவரும் இருக்க முடியாது. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக உட்கார்ந்து, அதைப் பிள்ளைபோல் வளர்த்து ஆளாக்கியவன் நான். எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு முதல் மேசையிலிருந்து பக்கத்து மேசைக்குப் போகப் பதினேழு வேலைநாள் ஆகும். இரண்டு மேசைக்கும் நடுவே ஆறு அடி. ஒருநாள் முன்னே பின்னே ஆனதில்லை. இதைத்தான் நாங்கள் ‘நேரந்தவறாமை’ என்கிறோம்.

அப்பேர்ப்பட்டவனின் சிதம்பரம் வீட்டிலேயே தாமதம் என்று புகார் எழுந்தது. அதுவும் முந்நூறு மில்லிசெகண்ட். ஒரு நொடியை ஆயிரம் கூறாக வெட்டினால் அதில் முந்நூறு கூறு. பூவராகனாகிய நான் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். மனுதாரர் சிரிக்கவில்லை.

மனுதாரர் என் மகள் தீபிகா. பொறியியல் இரண்டாம் ஆண்டு. இணையத்தில் துப்பாக்கி ஆட்டம் ஆடும் ஐந்து பெண்கள் கொண்ட அணியில் அவளும் ஒருத்தி. ஞாயிறு காலை பத்தரைக்குத் தகுதிப் போட்டி. ஜெயித்தால் சென்னையில் இறுதிச் சுற்று.

“பிங் அம்பதுக்குள்ள இருக்கணும்ப்பா. நான் பட்டன அமுக்குறது அங்க போயி திரும்பி வர்ற நேரம் அது. நம்ம வூட்ல முந்நூறு, நானூறு போவுது. அவன் என்னைச் சுட்டுட்டு, அடுத்த தெருவுக்கே போயிடுறான். அப்புறந்தான் எனக்கு அவன் தலையே தெரியுது. இந்த வாட்டியும் இப்படி ஆனா டீம விட்டு தூக்கிடுவேன்னு கேப்டன் சொல்லிட்டா.”

பெற்ற மனம் கேட்குமா? அன்று மாலையே ‘தாமத ஒழிப்புக் குழு’ அமைத்தேன். தலைவர் நான். உறுப்பினர்கள் என் மனைவி லோகநாயகி, வடலூரிலிருந்து வரவழைக்கப்பட்ட அவள் தம்பி கண்ணாயிரம். மனுதாரருக்குக் குழுவில் இடமில்லை. சம்பந்தப்பட்டவரைக் கேட்டு முடிவெடுப்பது நிர்வாக மரபு அல்ல.

முதல் கூட்டத்தில் ரவுட்டரை ஆராய்ந்தோம். வாங்கிய அன்று வைத்த சந்தனமும் குங்குமமும் விளக்குகளை மறைத்திருந்தன.

“மாமா, இது தென்மேற்கு மூலையில கீது. அதான் லோடு ஜாஸ்தி. ஈசானியத்துக்கு மாத்துங்க” என்றான் கண்ணாயிரம்.

ஈசானியத்தில் சாமி அலமாரி. ரவுட்டர் முருகனுக்கும் மகாலட்சுமிக்கும் நடுவில் குடியேறியது. லோகநாயகி அதன் தலையில் ஒரு செம்பருத்தியும் வைத்தாள். பிங் நானூற்றுப் பத்துக்குப் போனது. ‘முன்னேற்றம் எதிர்பார்க்கப்படுகிறது’ என்று குறிப்பெழுதினேன்.

இரண்டாம் கூட்டத்தில் அதை மூன்று முறை அணைத்துப் போட்டோம். மூன்றாம் கூட்டத்தில் வடை.

தீபிகா குறுக்கிட்டாள். “அப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கேமராவ எல்லாரும் பாக்குறத நிறுத்துங்க. நம்ம வூட்லேர்ந்து வெளியில போற வழி பூரா அதுவே அடைச்சிக்கிது. என் ஆட்டம் எப்படிப் போவும்?”

இங்கே எங்கள் வீட்டின் பாதுகாப்பு ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். தீபிகா கல்லூரியில் சேர்ந்த வாரம், திருடர் பயத்தால் மூன்று கேமராக்கள் வைத்தேன். ஒன்று வாசலில். ஒன்று மாடிப்படியில். மூன்றாவது தீபிகாவின் கம்ப்யூட்டர் நாற்காலியைப் பார்த்தபடி. திருடன் வந்தால் முதலில் அங்கேதான் உட்காருவான் என்பது என் கணிப்பு. கடலூர் அலுவலகத்தில் இருந்தபடியே நாள் முழுக்கக் கைப்பேசியில் பார்ப்பேன். நான் கோப்பு பார்க்கும் வேளைகளில் பாதுகாப்பில் ஓட்டை விழக்கூடாதே என்று மற்ற உறவினர்களுக்கும் கடவுச்சொல் கொடுத்திருந்தேன். கண்ணாயிரம் வடலூரிலிருந்து பார்ப்பான். கிள்ளையிலிருந்து என் தங்கை தமிழ்ச்செல்வி பார்ப்பாள். மொத்தம் பதினொரு கைப்பேசிகள். “பொண்ணு இன்னும் வெளாடிக்கிட்டுதான் இருக்கா” என்று மணிக்கொரு தடவை எனக்குத் தகவல் வரும். திருடன் மட்டும் இதுவரை வரவில்லை.

மனுதாரரின் கருத்து ‘குறித்துக்கொள்ளப்பட்டது’.

வெள்ளிக்கிழமை, இணைய இணைப்புக் கொடுத்த அன்பரசு என்பவரை நேரில் ஆஜராகச் சொன்னேன். மடிக்கணினியைச் செருகி, ஐந்தே நிமிடத்தில் நிமிர்ந்தார்.

“சார், லைன்ல ஒரு கொறையும் இல்ல. கேமராதான் பிரச்சன. எத்தன பேர் பாக்குறீங்க?”

“பதினோரு பேர்” என்றேன் பெருமையோடு.

“பதினோரு பேரா? பேங்க் லாக்கருக்கே அவ்ளோ பேரு இல்ல சார்! மேட்ச் நடக்குற ரெண்டு மணி நேரம் எல்லாத்தையும் மூடி வைங்க. செலவே இல்ல.”

ஐந்து நிமிடத்தில், அதுவும் செலவில்லாமல் தீரும் பிரச்சினைக்கு மூன்று கூட்டம் போட்டவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அவரை அனுப்பிவிட்டு அவசரக் கூட்டம் கூட்டினேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஞாயிறுதான் திருவந்திபுரத்தில் சித்தப்பா பேத்தியின் கல்யாணம். பதினொரு பேரும் அங்கே போகிறோம். மகள் வீட்டில் தனியாக. கேமராவையும் மூடிவிட்டால்?

“வயசுப் பொண்ணாச்சேங்க” என்றாள் லோகநாயகி.

முடிவில் ‘முறைப் பட்டியல்’ ஒன்று தயாரித்தேன். ஒரு நேரத்தில் ஒரே கைப்பேசி. ஆளுக்கு அரைமணி. ஒப்பமிட்டு நகல் எல்லோருக்கும் அனுப்பினேன்.

“ஒண்ணுன்னா தாங்கும்ப்பா” என்றாள் தீபிகா. “ஒண்ணுதான். சத்தியமா?”

“சத்தியம்” என்றேன். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. உண்மையாகவே எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குத் தாலி கட்டியாயிற்று. பத்து மணிக்கு முதல் முறை கண்ணாயிரத்துடையது. மண்டபத்தின் ஓரத்தில் கைப்பேசியோடு கடமையில் இருந்தான்.

“கதவ தாப்பா போட்டாளான்னு மட்டும் பாத்துடுறேங்க” என்று லோகநாயகி தன்னுடையதைத் திறந்தாள். அண்ணி பார்க்கும்போது தான் பார்க்காவிட்டால் நன்றாயிருக்காது என்று தமிழ்ச்செல்வியும் திறந்தாள். எல்லோருக்கும் ஒரே ஒரு நிமிடம்தான் தேவைப்பட்டது. எல்லோருக்கும் அது ஒரே நிமிடமாக அமைந்துவிட்டது. நான் திறக்கவில்லை. தலைவர் என்ற முறையில் ‘மேற்பார்வை’ மட்டும் செய்தேன். அதற்கும் கேமராவைத் திறக்க வேண்டியிருந்தது.

திரையில் தீபிகா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்ஃபோன். நிமிர்ந்த முதுகு. ஆடவில்லை, அசையவில்லை.

“தலையக்கூட திருப்பல பாருங்களேன்” என்று உருகினாள் லோகநாயகி.

“இதான் மாமா கான்சன்ட்ரேஷன். வெளாட்டுன்னாலும் நம்ம ரத்தம்” என்றான் கண்ணாயிரம்.

சாம்பாரிலிருந்து பாயசம் வரை பதினொரு பேரும் இடது கையில் கைப்பேசியைப் பிடித்தபடி அந்த அசையாத முதுகைப் பார்த்துப் பூரித்தோம். இரண்டு மணி நேரம் இப்படி இருக்கும் ஒருத்தி என் அலுவலகத்தில் பெரிய பதவிக்கு வருவாள் என்றும் நினைத்தேன்.

மாலை நான்கு மணிக்கு வீடு வந்தோம். கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு மாரியம்மாள் சாவியோடு வந்தார்.

“பொண்ணு காலையில பத்தே காலுக்கே ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுச்சே. அண்ணாமலை நகர்ல ஃபிரண்டு வூட்டுக்காம். ‘அப்பாவுக்கு ஃபோன் பண்ணிட்டியா’ன்னு கேட்டேன். ‘தேவையில்ல அத்தை, பாத்துக்கிட்டுதான் இருக்காங்க’ன்னிச்சு.”

காலையில் திறந்த கேமராவை மூடாமலே வைத்திருந்த கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். தீபிகா இன்னும் நாற்காலியிலேயே இருந்தாள். மூலையில் நேரம் பத்து ஏழு என்று நின்றிருந்தது. பதினொரு பேரின் பாரம் தாங்காமல் படம் அப்படியே உறைந்துபோயிருக்கிறது. ஒருவரும் நேரத்தைப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். நான் வாய் திறக்கும் முன்பே சொன்னாள்.

“பிங் நானூத்தி முப்பதுப்பா. பத்து மணிக்கே. வித்யா வூட்டுக்குப் போயி ஆடுனேன். அங்க இருபத்திரெண்டு. ஜெயிச்சிட்டோம். சென்னைக்குப் போறோம்.”

சத்தியத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்காதது சுருக்கென்று தைத்தது. விட்டுக்கொடுக்காமல் விசாரணையைத் தொடர்ந்தேன்.

“அவுங்க வூட்ல கேமரா கெடையாதா? ரெண்டு பொண்ணுங்க தனியாவா இருந்தீங்க?”

“வித்யா அப்பா இருந்தாரு. பக்கத்துல ஒரு சேரப் போட்டு உக்காந்து ஃபுல்லா பாத்தாரு. புரியாதப்ப ‘இது யாரும்மா, நம்ம ஆளா’ன்னு கேட்டாரு. ஜெயிச்சதும் அவருதான் முதல்ல கத்துனாரு.”

அவள் உள்ளே போய்விட்டாள். நான் நடவடிக்கைக் குறிப்பேட்டை எடுத்துக் கடைசிப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். பாதுகாப்பில் குறை ஏதுமில்லை. பதினொரு பேர் ஒரு நொடியும் கண்ணை எடுக்கவில்லை. என் மகள் ஜெயித்ததை அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், ஊரான் ஒருவர்.