அத்தையைக் கட்டிய கதாநாயகனும் என் நிச்சயதார்த்தமும்

குறை கண்டுபிடிக்கிற ஆளைக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடலாம், இலை போடலாம், வெற்றிலை பாக்கும் கொடுக்கலாம். அவன் எதிரே டிவியை மட்டும் போட்டுவிடக் கூடாது. என் நிச்சயதார்த்தத்தன்று நான் கற்றுக்கொண்ட பாடம் இது. மாப்பிள்ளையும் நானே, குறை கண்டுபிடித்தவனும் நானே என்பதால் பாடம் கொஞ்சம் பலமாகவே பதிந்தது.

அப்போது சனிக்கிழமைதோறும் ‘மைனஸ் மாடி’ என்று ஒரு விஞ்ஞானத் தொடர் வந்துகொண்டிருந்தது. சென்னையில் ஒரு பழைய ஆபீஸ் கட்டடம். அங்கே உள்ள லிஃப்டில் ஒரு பட்டனை அமுக்கினால் அது முப்பது வருஷம் பின்னால் போய் நிற்கும். கதாநாயகன் ஆதவனுக்கு அதில் ஏறிப் போவதும் வருவதும்தான் பிழைப்பு. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்த என் நண்பன் பாஸ்கரும் நானும் இதற்காகவே ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். பெயர் ‘மைனஸ் மாடி விசாரணைக் கமிஷன்’. கதையில் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது எங்கள் திருப்பணி. டவரே இல்லாத காலத்தில் ஆதவன் செல்போனில் யாரோடு பேசினான்? கரண்ட் போன பிறகு லிஃப்ட் எப்படி மேலே வந்தது? செருப்போடு போனவன் ஷூவோடு திரும்பினானே, வாங்கிக் கொடுத்தது யார்? சனிக்கிழமை ஆரம்பிக்கும் சண்டை புதன்கிழமை வரை ஓடும். (அவ்வளவு மட்டமான தொடரை ஏன் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டவர்களைக் குழுவிலிருந்து நீக்கியிருக்கிறோம்.)

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. சுண்ணாம்புக் கல்லில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, சோற்றில் கல் பொறுக்குகிற புத்தி எனக்கு வந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில்தான் தா.பழூருக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் கலைவாணி, ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தனியாகப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு ஒன்றுதான். ‘மைனஸ் மாடி’ பார்ப்பீர்களா என்று கேட்டேன். பார்ப்பேன் என்றவள், ஆதவன் முப்பது வருஷம் பின்னால் போகும்போது கிழமை மாறவே மாட்டேன் என்கிறதே, கவனித்தீர்களா என்று திருப்பிக் கேட்டாள். நான் கவனித்திருக்கவில்லை. கமிஷனே கவனித்திருக்கவில்லை. அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லையென்றால் காவி கட்டுவது என்று வேனில் திரும்பி வரும்போதே முடிவாகிவிட்டது.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டில். ராகு காலத்துக்கு முன்பே தாம்பூலம் மாற்றிவிடுவதாக ஏற்பாடு. ஆனால் அரியலூர் தாண்டியதும் எங்கள் வேன் சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் மாட்டிக்கொண்டது. தா.பழூர் போய் இறங்கும்போது ராகு காலம் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. கலைவாணியின் பெரியப்பா, அதனால் என்ன, சாப்பிடுங்க, ஆறு மணிக்கு மேல் மாத்திக்கலாம் என்றார். அந்த வீட்டில் அவர் சொல்தான் சட்டம். சுற்று வட்டாரத்தில் யாருக்கு யார் என்ன முறை என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிற குடும்பங்கள் உண்டு.

சாப்பாடு முடிந்தது. கூடத்தின் நடுவில் தாம்பூலத் தட்டுகள். சுற்றிலும் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சில்லாத கூடம் பொறுக்காமல் ஒருவன் டிவியைப் போட்டான். (அந்த ஒருவன் பாஸ்கர். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) ‘மைனஸ் மாடி’ மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் முதல் நாள் முழுக்கக் கமிஷன் கொதித்துக்கொண்டிருந்த அத்தியாயம். பழைய காலத்துக்குப் போன ஆதவன், மல்லிகா என்ற பெண்ணுக்குத் தாலி கட்டுகிறான். அந்த மல்லிகா யார்? ஆதவனின் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். முந்தின வாரம் அவர்களே காட்டியதை அவர்களே மறந்துவிட்டார்கள்.

“அத்தை மகளைக் கட்டுவாங்க. இவன் அத்தையையே கட்டுறாங்க” என்றேன். கூடம் சிரித்தது. மாமனார் வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிரிப்பு. அதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி.

பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. லிஃப்ட் விவகாரத்தை என்னிடம் நிதானமாக விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு, “அந்தப் பையன் போயிருக்கிற வருஷத்துல அவன் பொறந்துட்டானா?” என்றார்.

இல்லீங்க என்றேன்.

“பொறக்காதவனுக்கு ஏது முறை? தாராளமா கட்டலாம்.”

கூடமே தலையாட்டியது. பாஸ்கர் கூட, பாயிண்ட் பலமா இருக்கேடா என்று என் காதில் முணுமுணுத்தான். கமிஷன் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டுக் கண்டுபிடித்த ஓட்டையை ஒரு மனிதர் வெற்றிலை மென்றுகொண்டே அடைத்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்குத் தெரியாத பழமொழி இல்லை.

“முறைங்கறது நாம பொறந்தப்பறம் வர்றது இல்லீங்க. அது முன்னாடியே இருக்கு. எங்க வூட்டையே எடுத்துக்குங்க. எங்கம்மாவோட அம்மாயிக்கு, அதாவது அவங்கம்மாவைப் பெத்தவங்களுக்கு, ஒரே அக்கா. காரைக்குறிச்சியில கட்டிக்குடுத்தாங்க. பொறந்த வூட்டுத் தையல் மிஷினை அந்த அக்கா தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு சண்டை. அதோட பேச்சு நின்னுபோச்சு.”

இந்த இடத்தில் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பேச்சு சூடு பிடித்திருந்ததால் கண்டுகொள்ளவில்லை.

“அந்த வூட்டு ஆளுங்க யாரு எவருன்னே எங்களுக்குத் தெரியாது. எல்லாம் நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. அதுக்காக அந்த வூட்டுப் பொண்ணு ஒண்ண நான் கட்டிக்க முடியுமா? எனக்குத் தங்கச்சியாச்சேங்க.”

கைதட்டலை எதிர்பார்த்துச் சுற்றிலும் பார்த்தேன். சமையல்கட்டு வாசலில் காப்பித் தட்டோடு கலைவாணியின் அம்மா நின்றிருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை, என் அம்மாவைப் பார்த்தார்கள்.

“காரைக்குறிச்சியில எந்த வூடுங்க?”

“மிஷின்காரம்மா வூடும்பாங்க” என்றாள் அம்மா. “ஏங்க?”

“அது எங்க அம்மாயிங்க.”

காப்பித் தட்டு கீழே இறங்கியது. கூடத்தில் எல்லோரும் விரல் விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பெரிய கணக்கு ஒன்றுமில்லை. என் அம்மாவின் அம்மாயியும் கலைவாணியின் அம்மாவுடைய அம்மாயியும் கூடப் பிறந்தவர்கள். ஆகவே அம்மாக்கள் இருவரும் அக்கா தங்கை முறை. அக்கா மகனுக்குத் தங்கை மகள் என்ன ஆக வேண்டும் என்பதை நானே சபையில் கணீரென்று சொல்லி முடித்திருந்தேன்.

போனை எடுத்துப் பார்த்தேன். உள் அறையிலிருந்து கலைவாணி அனுப்பியிருந்தாள். “மிஷின் கதையை நிறுத்துங்க, ப்ளீஸ்.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எந்த ஆண் பிள்ளையும் தன் நிச்சயத்தைத் தானே இவ்வளவு தெளிவான உதாரணத்தோடு கெடுத்திருக்க மாட்டான். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எங்கள் வீட்டில் அதற்குக் கிளம்பலாம் என்று அர்த்தம். பெரியப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். டிவியை யாரோ அணைத்தார்கள்.

யாரும் கூப்பிடாமலே கலைவாணி பட்டுப் புடவையோடு வெளியே வந்தாள். கரும்பலகை முன்னால் நிற்கிற மாதிரி நின்றாள்.

“பெரியப்பா, இது அம்மா வழி. அப்பா வழியில என்ன முறைன்னு பாத்தீங்களா?”

பிறகு என் அப்பாவைப் பார்த்து, உங்கள் பக்கத்துப் பெண் யாரையாவது எங்கள் ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறீர்களா மாமா என்று கேட்டாள். அப்பா யோசித்தார். தன்னுடைய அத்தை ஒருத்தியை வாலிகண்டபுரத்தில் கொடுத்ததாகவும், சின்ன வயதிலேயே அந்த அத்தை போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், பிறகு அங்கே போக்குவரத்து இல்லை என்றும் சொன்னார். யாருக்குக் கொடுத்தது என்று பெரியப்பா கண்ணைத் திறந்தார். கோயிலுக்குப் பின்னால் வீடு, பெரியசாமி என்றார் அப்பா.

“அட, பெரியசாமி எங்களுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பால்ல.”

மறுபடியும் எல்லோரும் விரலை விரித்தார்கள். அப்பாவின் அத்தை, பெண் வீட்டாருக்குச் சின்னம்மா. அப்படியானால் பெரியப்பாவும் என் மாமனாரும் அப்பாவுக்கு அத்தை மகன்கள், அதாவது மச்சான்கள். மச்சான் மகள் எனக்கு அச்சு அசலான முறைப்பெண். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“அம்மா வழியில சண்ட போட்டுப் பேச்சே இல்ல, நல்லது கெட்டதுக்குப் போறதில்ல. அது விட்டுப்போன முறை, செல்லாது. அப்பா வழி முறைதான் நிக்கும்.”

அந்தத் தீர்ப்பில் லாரி போகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. வாலிகண்டபுரத்துக்கும்தான் போக்குவரத்து இல்லை என்று அப்பா இப்போதுதானே சொன்னார்? அது விட்டுப்போனது என்றால் இதுவும் விட்டுப்போனதுதானே? என் வாய் திறந்தது. கலைவாணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஓர் ஓட்டையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பாஸ்கருக்கும் அது தெரிந்துவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்குள் காலை மிதித்தேன்.

அதோடு முடிந்தது என்று பார்த்தால், அங்கே என் அம்மாவும் கலைவாணியின் அம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, உங்க அம்மாயி மூக்கு இப்படித்தான் இருக்குமா என்று கண் கலங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா பதறி எழுந்தார்.

“ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. தாம்பூலம் மாத்தற வரைக்கும் யாரும் ஒண்ணு சேரக் கூடாது. சேந்தா அந்த முறை உயிர் பெத்துரும்.”

அப்புறம் ராகு காலம் முடிகிறவரை கூடத்தின் இந்தக் கோடியில் அம்மாவும் அந்தக் கோடியில் என் வருங்கால மாமியாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரியப்பா காவல். தட்டுகள் கைமாறியதுதான் தாமதம், இருவரும் கட்டிக்கொண்டு எழுப்பிய அழுகையில், யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அம்மாவும் மாமியாரும் இன்றுவரை அக்கா, தங்கச்சி என்றுதான் போனில் பேசிக்கொள்கிறார்கள். கலைவாணி சாதாரண நாளில் என்னை ‘என்னங்க’ என்பாள். கோபம் வந்தால் ‘அண்ணே’ என்பாள், அதுவும் மளிகைக்கடையில் நாலு பேர் காதில் விழும்படி. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பொங்கல்தான் தாங்க முடியாது. புருஷன் என்ற முறையில் புடவை எடுத்துக் கொடுத்தால் போதாதாம், அண்ணன் என்ற முறையில் சீர் வர வேண்டுமாம். கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், புதுப்பானை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருஷா வருஷம் என் வீட்டு வாசலில் நானே நிற்கிறேன். வேடிக்கை பார்க்க அக்காவும் தங்கச்சியும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். என் மகள் எட்டிப் பார்த்து, “அம்மா, மாமா வந்திருக்காங்க” என்று குரல் கொடுப்பாள்.

கலைவாணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். சீரை ஒவ்வொன்றாக வாங்கி வைத்துவிட்டு எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்ப்பாள்.

“வாங்கண்ணே. அண்ணி வரலியா?”