சிக்னல் எட்டாத சலவை அறை

இனிமேல் கைப்பேசியைத் தொட்டால் என் பெயர் ஸ்டெல்லன் இல்லை. மார்ச் மாதம் இப்படிச் சபதம் செய்தேன். காரணம், பதிப்பகத்திலிருந்து வந்த கடிதம். மே முடிவதற்குள் முதல் நூறு பக்கம் வந்தால் என் நாவலைப் படிப்பார்களாம். வராவிட்டால் இத்தோடு விட்டுவிடலாமாம். பதினோரு வருட நாவல். கையில் இருந்தது நாலு பக்கம். மீதியை, கப்பலும் கப்பலும் மோதுகிற காணொளிகள் தின்றுவிட்டன.

"வீட்டுல நெட்டை வெட்டிடலாம் குனில்லா," என்றேன் மனைவியிடம்.

"உனக்கு அஜீரணம்னா நான் ஏன் பட்டினி கிடக்கணும்?"

"அப்ப நான் எங்கதான் போறது?"

"கீழ சலவை அறைக்குப் போ. சுத்தி ஒண்ணரை அடி காங்கிரீட். சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது."

என்மேல் இவ்வளவு அக்கறையா என்று கண் கலங்கினேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே சலவை அறை. நேரம் குறித்த பலகையில் நம் பூட்டை மாட்டினால் அந்த நேரம் நமக்கு. மாட்டிவிட்டுத் துவைக்காமல் உட்கார்ந்தால் மூன்றாம் மாடி பெரிட் கதவில் சீட்டு ஒட்டுவாள். ஒட்டினாள். 'சிலர் துணியே இல்லாமல் அறையைப் பிடிக்கிறார்கள். நாங்களும் மனிதர்கள்தான்!!!' யார் என்று எழுத மாட்டாள். ஆச்சரியக்குறியிலேயே என் மூஞ்சி தெரியும்.

"அதுக்கென்ன, கூட ஒரு கூடைத் துணி எடுத்துட்டுப் போயேன்," என்றாள் குனில்லா.

எடுத்துப் போனேன். மெஷின் சுற்றியது. நான் எழுதினேன். சத்தியமாக எழுதினேன்! இரண்டு வாரத்தில் இருபது பக்கம்.

கூடை வளர்ந்தது. ஏப்ரலில் அவள் அக்கா வீட்டுத் திரைச்சீலை. பிறகு அவள் பாடும் குழுவின் நாற்பது அங்கிகள். எழுத்தில் வெளுத்து வாங்குகிறேன் என்று நான் பூரித்திருக்க, ஊரார் துணிதான் வெளுத்துக்கொண்டிருந்தது.

"குனில்லா, இது யாரோட நாய்ப் போர்வை?"

"பெரிட்டோடது. பாவம், முட்டி வலி. நீ எப்படியும் கீழதானே போற?"

"என்னைப் பத்தி சீட்டு ஒட்டினவ!"

"இப்பல்லாம் உன்னைப் பத்தி நல்லாத்தான் பேசறா."

மே இருபது. அறுபத்தோரு பக்கம். இன்னும் முப்பத்தொன்பது, பத்து நாளில் முடியும். மேலே வந்தேன். மேசையில் எனக்காகக் காப்பியும் ஏலக்காய் பன்னும். பன்னை எடுத்துக் கடித்தேன்.

"வாழ்த்துகள்! போன வாரம் நம்ம கட்டடச் சங்கத்தோட ஆண்டுக் கூட்டம். உன்னைச் சலவை அறைப் பொறுப்பாளராத் தேர்ந்தெடுத்தாச்சு. மூணு வருஷம்."

"என்ன கூட்டம்? எனக்கு யாரும் சொல்லலையே!"

"மூணு மெயில் வந்துது. நீதான் பார்க்கறதில்லையே."

"யாரு என் பேரைச் சொன்னது?"

"நான்தான். பெரிட் வழிமொழிஞ்சா. வந்த அத்தனை பேரும் கை தூக்கினாங்க. இப்படி ஒரு ஒத்துமைய இந்தக் கட்டடம் பார்த்ததே இல்ல."

"அப்ப என் நாவல்?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். நங்கென்று வைத்தாள்.

"பதினோரு வருஷம், ஸ்டெல்லன். நீ எழுதறேன்னு கரண்டியக்கூட சத்தமில்லாம வச்சேன். எங்கக்காவைச் சிரிக்காதேன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீ கப்பல் பார்த்துக்கிட்டிருந்த. உன் காலுறைய நான் துவைச்சுக்கிட்டிருந்தேன். இந்த ரெண்டரை மாசம்தான் நான் கால நீட்டி உட்கார்ந்தேன். அதை விட்டுக் குடுப்பேன்னு நினைச்சியா?"

இழுப்பறையிலிருந்து என் கைப்பேசியை எடுத்து நீட்டினாள்.

"இந்தா உன் போன். புகார் எல்லாம் இதுலதான் வரும்."

"கீழ சிக்னல் கிடையாது. வரட்டும் பார்க்கலாம்!" என்று வீராப்பாக இறங்கினேன்.

சலவை அறையில் ஒருவர் ஏணிமேல் நின்று சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"நெட் பெட்டி. பொறுப்பாளர் எப்பவும் கைக்கு எட்டணும்னு கூட்டத்துல தீர்மானமாம். அந்தத் தீர்மானத்த உங்க வீட்டுக்காரம்மாதான் கொண்டுவந்தாங்களாம்."

அவர் போனார். பச்சை விளக்கு எரிந்தது. அறுபத்திரண்டாம் பக்கத்தின் முதல் வரிக்குப் பேனாவைத் திறந்தேன். கைப்பேசி துள்ளியது. குனில்லா அனுப்பியிருந்தாள்:

'வெள்ளைத் துணியத் தனியாப் போடு.'